சூடேறாத சட்டி

எண்ணெய் தடவிப் பழக்கிய எவர்சில்வர் சட்டியை அடுப்பேற்றிவிட்டுப் பாத்திரக் கடைக்காரர் எதிர்க்கடையை முறைக்கிறார். அங்கே அவருடைய மச்சினன் நான்ஸ்டிக் சட்டியில் முட்டையைச் சறுக்கவிட்டு வேடிக்கை காட்டுகிறான். ஆறு மாசப் பவுசு, அப்புறம் சொறி பிடித்த தோல்தான் என்று இவருடைய உதடு கோணுகிறது. "மாமா, அது சூடேறுறதுக்குள்ள முட்டை குஞ்சு பொரிச்சிடும்" என்கிறான் அவன். முப்பது சட்டி வாங்க வந்த விடுதிச் சமையற்காரம்மா சிரித்தபடி அவன் பக்கம் ஓரடி நகர்கிறாள். சட்டியில் தெளித்த தண்ணீர் இன்னும் முத்தாகத் திரண்டு ஓடவில்லை, வெறுமனே சீறுகிறது. சூடு போதாதென்று தெரிந்தும் கடைக்காரர் எண்ணெயை ஊற்றி முட்டையை உடைக்கிறார். அது அடியோடு அப்பிக்கொள்கிறது. மச்சினன் இளிக்கிறான். அந்தம்மா திரும்பி வந்து, சட்டியைத் தூக்கிக் கனம் பார்த்து, கடைக்காரரை ஏற இறங்கப் பார்க்கிறாள். "சட்டி நல்லாத்தான் இருக்கு, முப்பது கட்டுங்க. இனிமே யாருக்கும் சமைச்சு மட்டும் காட்டாதீங்க."