போகாத பூனை

"இந்தப் பூனையை வேரோட எடுத்துடும்மா. பேருக்குத் துடைச்சுட்டுப் போயிடாத," என்றார் வீட்டு பிளான் வரைபவர்.

கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அவள் நீக்கிவிட்டுப் போவதும், மறுநாளே அந்தச் சாம்பல் நிறக் கார்ட்டூன் பூனை ஸ்கிரீன் மூலையில் வந்து சோம்பல் முறிப்பதும் வாடிக்கையாகிவிட்டது.

ஜன்னலுக்குத் திரை இல்லை. மத்தியான வெயில் அறை முழுக்க வழிந்து, மேஜை நாற்காலி எல்லாமே பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருந்தது. திரை என்ன நிறத்தில் போடுவது என்று ஆரம்பித்த சண்டையில்தான் புருஷனும் பெண்டாட்டியும் மாசக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. "காபி வேணும்னா நீயே உள்ள போய் ஆன்ட்டிகிட்ட கேளு. அப்படியே எனக்கும் சேர்த்து," என்று முதல் நாளே சொல்லிவிட்டார் மனுஷன்.

பூனை மெல்ல நடந்து, அவர் வரைந்து வைத்திருந்த மாடிப்படி மேல் ஏறிச் சுருண்டு படுத்தது. அதன் தலைக்கு மேல் எழுத்துகள் மிதந்து வந்தன. 'பச்சை மாத்திரை போட்டாச்சா?'

"என்ன அக்கறை பாருங்க சார்! இருந்துட்டுப் போகட்டுமே."

"கூடாது. போயே ஆகணும்."

சரியான கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தபடி நிமிர்ந்தாள். கதவிடுக்கில் அவர் மனைவி நின்றிருந்தார். கையில் போன். விரல் எதையோ தட்டியது. 'முதுகை நிமிர்த்தி உட்காருங்க' என்றது பூனை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீக்க நீக்கப் பூனையைத் திரும்ப ஏற்றுவது யாரென்று இப்போது விளங்கியது. ஆன்ட்டி உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே கெஞ்சினார். வாய் திறக்க ரோஷம் விடாமல், பாவம், பூனைக்குள் புகுந்து பேசிக்கொண்டிருக்கிறார்!

"சார்... நிஜமாவே எடுத்துடவா?"

"ஒரு முடிகூட மிஞ்சக் கூடாது."

வேறு வழியில்லை. பூனையை நீக்கினாள். அது விட்டுச்சென்ற ஃபோல்டர்களைத் தேடிப் பிடித்து அழித்தாள். அவர் சொன்னபடி, இனி யாரும் எதையும் ஏற்ற முடியாமல் பாஸ்வேர்டும் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டபோது ஸ்கிரீனில் மாடிப்படி மட்டும் தனியாக இருந்தது. ஏதோ பாவம் செய்துவிட்டது போல அவள் மனசு கனத்தது.

வெயில் சுவரில் கொஞ்சம் நகர்ந்தது.

அப்புறம் கதவுப் பக்கமிருந்து, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ஏங்க... பச்சை மாத்திரை போட்டாச்சா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம் கசிந்தது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"முதல் நாளே தெரியும்மா. என் மாத்திரை என்ன கலர்னு வேற எந்தப் பூனைக்குத் தெரியும்? எழுத்தா படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு... அவ குரலைக் கேட்கணும் போல இருந்துச்சு."