தலையணை அடி

தலையணையால் அடி வாங்கி சோபாவில் மல்லாக்க விழ வேண்டும், அவ்வளவுதான் காட்சி. படம் படமாக அடித்தே பேர் வாங்கிய நடிகருக்கு அதுதான் வரமாட்டேன் என்கிறது. நாயகி ஓங்கி அடிக்கிறாள். அவர் தூணாட்டம் நிற்கிறார். "அண்ணே, கொஞ்சம் விழுங்கண்ணே," என்று கெஞ்சுகிறார் இயக்குநர். "விழத்தான்யா பாக்குறேன், உடம்பு கேக்க மாட்டேங்குது." மறுபடி கேமரா ஓடுகிறது. இந்த அடியில் தலையணை கிழிந்து, விளக்கு வெளிச்சத்தில் பஞ்சு சாவகாசமாக மிதக்கிறது. ஒரு துணுக்கு மீசையில் உட்கார, இன்னொன்று மூக்கில் நுழைகிறது. தும்மலை அடக்க அவர் சட்டென்று கையைத் தூக்குகிறார். அடியாட்களாக ஓரத்தில் நிற்கும் ஸ்டண்ட்காரர்கள் நால்வரும், எத்தனையோ படங்களில் அந்தக் கையைக் கண்டதும் பறந்த பழக்கத்தில், ஆளுக்கொரு பக்கம் பறந்து விழுகிறார்கள். பூச்சாடி உருள்கிறது. மேசைக்கு அடியிலிருந்து ஒருவன் தலையை நீட்டுகிறான். "மன்னிச்சுக்குங்கண்ணே, கையத் தூக்குனீங்களா, பழக்கதோஷம்." மீசைப் பஞ்சு நடுங்குகிறது. அடுத்த கணம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி சோபாவில் மல்லாக்கச் சரிகிறார்; கால்கள் இரண்டும் அந்தரத்தில் ஆடுகின்றன. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறார். "சரிப்பா, இந்தத் தடவை எப்படியாவது விழுந்துடறேன், எடுக்கலாமா?" அப்போதுதான் இயக்குநர், மெதுவாக, "கட்" என்கிறார்.