இன்று காலை காலமானவர்

டிவியில் அவர் இறந்து போயிருந்தார்.

கலைந்த தலையும் பொத்தான் போடாத சட்டையுமாகக் கூடத்தின் நடுவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்கப் போன் செய்து, இவர் குரலையே கேட்டு அலறி வைத்துவிட்ட பிறகுதான் டிவியைப் போட்டார்கள்.

‘தெலுங்குத் திரையுலகின் முன்னாள் நாயகன் இன்று காலை காலமானார்.’ சிவப்புப் பட்டையில் எழுத்துகள் ஓடின. மேலே கறுப்புக் கட்டத்துக்குள் அவர் படம். கன்னமும் முடியும் நிறைய இருந்த காலத்தில் எடுத்தது.

“எவன் இது, உயிரோட இருக்கிறவனைக் கொன்னது?”

மனைவி ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள்.

சேனலை மாற்றினார். அங்கும் இறந்திருந்தார்.

அடுத்ததில் அவருடைய முதல் படத்துச் சண்டைக்காட்சி. குதிரையிலிருந்து விழுவார். அது நடிப்பில்லை, நிஜமாகவே விழுந்தது. விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்ததை இயக்குநர் வெட்டாமல் வைத்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது.

அதன்பின் தொட்டதெல்லாம் துலங்கியது. அவர் கால்ஷீட்டுக்காகத் தயாரிப்பாளர்கள் வாசலில் தவம் கிடந்தார்கள். பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

பிறகு யானைக்கும் அடி சறுக்கியது. ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஐந்து படங்கள் படுத்தன. நாயகனாக இருந்தவர் நாயகனின் அண்ணனானார், அப்பாவானார், இடைவேளைக்கு முன்பே செத்துப்போகிற போலீஸ் அதிகாரியானார். அப்புறம் சாகக்கூட யாரும் கூப்பிடவில்லை. வெகுநாள் கழித்துக் கிடைத்த ஒரு சின்ன வேடமும் வேறு ஆளுக்குப் போய்விட்டதாக நேற்று சாயங்காலம்தான் தகவல் வந்தது.

டிவி இதையெல்லாம் சொல்லவில்லை. ஏறியதை மட்டும் காட்டியது. இறங்கியதை வெட்டிவிட்டது.

அவரால் உட்கார முடியவில்லை. சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே கூண்டுப் புலி மாதிரி நடந்தார்.

“போனைக் கொடு. சேனல்காரன்கிட்ட நானே பேசுறேன்.”

மனைவி கைபேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “இருங்க. அந்த டைரக்டர் பேசி முடிக்கட்டும்.”

இவர் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்காத டைரக்டர். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கண்ணுக்கு வசனமே எழுத வேண்டாம்” என்றார்.

அவர் நடையை நிறுத்திக் கேட்டார்.

அடுத்து வந்தவள் பழைய கதாநாயகி. ஒரு வெளிப்புறப் படப்பிடிப்பில் அவளுக்குக் கடும் காய்ச்சலாம். தனக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லி இவர் படுத்துக்கொண்டதால் அன்றைய வேலையே நின்றதாம். “எனக்காகத்தான் செஞ்சாருன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை” என்று அழுதாள்.

அது அவருக்கே மறந்து போயிருந்தது.

அதற்கடுத்து ஓர் இளம் நாயகன். ‘அவர் என் குரு’ என்றான். செட்டில் இவர் நின்றிருக்கக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி சேனலை மாற்றினார். மறுபடி. யாரையோ தேடுவது போல மாற்றிக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் வந்து பேசிவிட்டார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை.

தம்பிக்காக வாய்ப்புத் தேடி அலைந்தது அண்ணன். கதை கேட்டதும் கால்ஷீட் பார்த்ததும் அவர்தான். ஐந்தாவது படம் படுத்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் தம்பி ஒரே வரியில் கைகழுவினார். கதையைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, என் அண்ணன்.

அன்று படி இறங்கியவர் அப்புறம் இந்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை.

“என் சாவுக்குக்கூட வரமாட்டாரு, பாரு” என்று அவர் ரிமோட்டை சோபாவில் எறியப் போனபோது வாசலில் கார் நின்றது.

அண்ணன் ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. முகம் வீங்கியிருந்தது. கூடத்துக்குள் நுழைந்தவர், கையில் ரிமோட்டோடு நின்ற தம்பியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

தம்பிக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. எத்தனையோ படங்களில் எத்தனையோ விதமாக நின்றவருக்கு, உயிரோடு நிற்பது எப்படி என்று தெரியவில்லை.

அண்ணன் பளாரென்று ஓர் அறை விட்டார். பிறகு அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

அழுகை அடங்கி இருவரும் சோபாவில் உட்கார நேரமாயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, ‘சீக்கிரம் வாங்க மாமா’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போன்ல அப்படி அழுதியே! என் தம்பி போயிட்டான்னு நான் தெருவுல நின்னு கத்துனதை எவனோ டிவிக்குச் சொல்லிட்டான். என்னை வரவைக்க இப்படி ஒரு நடிப்பா? இந்த வீட்டுல நடிகன் யாருன்னே எனக்கு இப்பச் சந்தேகமா இருக்கு.”

“நடிக்கலை, மாமா.”

சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. கூடத்து மூலையில் திறந்தே கிடந்த மாடிப்படிக் கதவைப் பார்த்தாள். விடியற்காலையில், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் மேல் ஏறி நின்றிருந்த கணவனைக் கையைப் பிடித்து இறக்கி, அவள் கீழே கூட்டிவந்த வழி அது.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, தம்பியை ஒட்டி உட்கார்ந்தார்.