வறண்ட அருவியில் குளியல்

குற்றாலத்து மனநோய் விடுதியில், சாரல் காலத்தில் நோயாளிகளுக்கு எண்ணெய் தேய்த்து, காலில் சங்கிலியோடு அருவிக்கு நடத்திப் போவார்கள். தலையில் அருவி விழுந்தால் பித்தம் தெளியும் என்பார் வைத்தியர்.

பங்குனியில் அருவி வறண்டு பாறை தெரிந்தது. ஆனாலும் கட்டில் காலோடு பூட்டப்பட்டிருந்த ஆவுடைத்தாய் தினமும் காலையில் நனைந்த தலையோடு கிடந்தாள். நர்ஸ் ஜெபமலர் துண்டால் துவட்டிவிடுவாள்.

"ஏட்டி, யாரு தண்ணி ஊத்துனா?" என்று அதட்டுவான் காவலாள் இசக்கியப்பன்.

"அருவிக்குப் போனேன் அண்ணாச்சி."

பூட்டு பூட்டியபடியே இருக்கும். சாவி அவன் இடுப்பில் இருக்கும்.

"சங்கிலி உரசி இவ கால் புண்ணுல சீழ் வைக்குது அண்ணாச்சி, கழட்டி விடுங்க" என்றாள் ஜெபமலர்.

"கழட்டினா ஓடிருவா."

ஒரு நாள் ஜெபமலர் வைத்தியரிடம் சொல்லி, சாவியை வாங்கி, தானே கழற்றிவிட்டாள். ஆவுடைத்தாய் ஓடவில்லை. மறுநாள் காலையில் அவள் தலை காய்ந்திருந்தது.

இசக்கியப்பன் வேலைக்கு வந்தான். அவன் தலையிலிருந்து நீர் சொட்டியது. கட்டிலில் உட்கார்ந்து, சங்கிலியில்லாத வெறுங்காலை நீட்டினான்.

"புண்ணு வலிக்குது நர்ஸம்மா. எனக்கும் கழட்டி விடுங்க."

ஆவுடைத்தாய் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

"கழட்டிராதீங்க நர்ஸம்மா" என்றாள். "அண்ணாச்சி ஓடிருவாரு."