பெட்டியோடு வரவும்

சோமசேகரம் கயிற்றைப் பிடித்து மூன்றாவது தடவையும் அளந்தார். அளவு மாறவில்லை.

மோட்டார் சைக்கிளும், அதன் இடப்பக்கம் ஒரு ஆள் இருக்கப் பூட்டிய சைட்காரும் சேர்த்து அகலம் ஐந்தரை அடி. சைட்கார் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையாததால் திருகோணமலையில் அதற்குப் பெயர் பெட்டி.

ஸெய்னுதீன் நானாவின் வளவில் வாடகைக்கு நின்ற டிரெயிலர்கள் மூன்று.

முதலாவது வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ஜீப் டிரெயிலர். அகலம் நாலே அடி. ஏற்றினால் பெட்டியின் சில்லு அந்தரத்தில் தொங்கும்.

இரண்டாவது வள்ளம் ஏற்றுவது. அடித்தளமே இல்லை, இரண்டு சட்டம் மட்டும். வள்ளம் படுத்துக்கொள்ளும், மோட்டார் சைக்கிள் விழுந்துவிடும்.

மூன்றாவது உழவு மெசினில், அதாவது டிராக்டரில், பூட்டுவது. இடம் தாராளம். ஆனால் நாலு பக்கமும் இடுப்பளவுக்குப் பலகை. உள்ளே ஏற்றினால் வெளியே ஹாண்டில் மட்டும்தான் தெரியும்.

சோமசேகரத்துக்கு அதுதான் பெரிய கவலை. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோகிற பெட்டி மாமனார் ஊரான தம்பலகாமத்தில் ஒருவர் கண்ணிலும் படாவிட்டால் என்ன பிரயோசனம்?

பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன மாதம் மனைவி அன்னலட்சுமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தான் கிளார்க்காக வேலை பார்க்கும் சீனன்குடா முகாமுக்குப் போனார். வழி நெடுகத் தன் மேலதிகாரியைத் திட்டிக் கதைத்துக்கொண்டே போனார். அவளும் மறுபேச்சில்லாமல் கேட்கிறாள் என்று சந்தோசம் வேறு. காவல் வாசலில் நிறுத்தித் திரும்பினால் பின் சீட் காலி.

இரண்டு மைல் பின்னால், ஒரு பள்ளத்தில் துள்ளி விழுந்து, வீதியோரப் பற்றைக்குள் இருந்தாள் அன்னலட்சுமி. காயம் ஒன்றுமில்லை. கோபம் மட்டும் பலமாகப் பட்டிருந்தது.

“இவ்வளவு தூரமும் ஆரோட கதைச்சுக்கொண்டு போனனீங்கள்?”

அவள் அந்த இடத்திலேயே கண்டி பஸ்ஸை மறித்து ஏறித் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு கடிதம் எழுதினார். அவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஏழாவதுக்கு மாமனார் கனகசபையிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. ‘உடனே பெட்டியோடு வரவும். பிள்ளையை அனுப்புகிறேன்.’

என்ன நியாயமான மனிதர் என்று சோமசேகரம் உருகிப்போனார். பின் சீட்டை நம்பி எந்தத் தகப்பன் மகளை அனுப்புவான்? இரண்டு கிழமை அலைந்து, கடற்படை முகாமில் கழித்துப்போட்ட பெட்டியொன்றைப் பிடித்துப் பூட்டினார். பூட்டிய நாளிலிருந்து மோட்டார் சைக்கிள் நேரே போக மறுத்தது. இடப்பக்கமே இழுத்தது. மூன்று தரம் ஓடிப் பார்த்தார்; மூன்று தரமும் வீதியோரத்துச் சாக்கடைக் கான் ஒன்றுக்குள்ளேயே இறங்கினார். அதனால்தான் இந்த டிரெயிலர்.

“நானா, இந்தப் பலகையளைக் கழட்டேலாதா?”

“கழட்டலாம் தம்பி. ஆனா கழட்டித் தரச்சொல்லிக் கேட்ட மொத ஆள் நீங்கதான்.”

நாலு பலகையும் கழன்று மதிலில் சாய்ந்தன. மோட்டார் சைக்கிள் மேடையில் ஏறியது. அன்னலட்சுமி இருப்பதற்கென்று புது மெத்தை ஒன்று தைத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தார். நானாவின் டிரைவர் முனாப் உழவு மெசினை ஓட்ட, சோமசேகரம் டிரெயிலரில் நின்று ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டே தம்பலகாமம் போய்ச் சேர்ந்தார். வீதியில் கை காட்டாத ஆளில்லை.

மெசின் சத்தம் கேட்டதும் கனகசபை சால்வையை உதறிப் போட்டுவிட்டு, சூடடித்த களத்திலிருந்து ஓடி வந்தார். வானம் கறுத்திருந்தது.

மோட்டார் சைக்கிளை அவர் பார்க்கவேயில்லை. டிரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகம் விழுந்துபோயிற்று.

“தம்பி, பெட்டி எங்க?”

சோமசேகரம் பெருமையோடு சைட்காரைத் தட்டிக் காட்டினார்.

“இந்தத் தொட்டிலை ஆர் கேட்டது? நான் கேட்டது நெல்லு ஏத்திற மெசின் பெட்டி! சாக்கு ஒண்டும் கிடைக்கேல்ல, பெட்டிக்குள்ள அள்ளிக் கொட்டி மில்லுக்கு அனுப்புவம் எண்டு இருந்தனான். மழை வருது. பலகை இல்லாத இதில எப்பிடியப்பா நெல்லுக் கொட்டுறது?”

சோமசேகரம் முனாப்பைப் பார்த்தார்.

“ஓம், வயல்காரர் இந்த டிரெயிலரத்தான் பெட்டி எண்டு சொல்ற” என்றார் முனாப், மேகத்தைப் பார்த்துக்கொண்டு.

களத்தில் நெல் குவிந்து கிடந்தது. மனைவி இனி வரப்போவதில்லை என்றே சோமசேகரம் நினைத்தார். நானா வளவிலிருந்து பலகையை எடுத்துக்கொண்டு உடனே திரும்பி வருகிறேன் என்று முணுமுணுத்தார். பெட்டி வந்தால்தான் பிள்ளை வருவாள் என்று மாமனார் கண்டிப்பாகச் சொன்னார்.

அதற்குள் அன்னலட்சுமி குசினியிலிருந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி டிரெயிலரில் ஏறிவிட்டாள். புது மெத்தையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். பிறகு சைட்காருக்குள் இறங்கிச் சப்பாணி கட்டி இருந்துகொண்டாள்.

“நானும் போறன் அப்பா. இவரைத் தனிய விட்டா, நாலு பலகைக்குப் பதிலா அந்த நானா வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு வந்து நிப்பார்.”