பச்சையாய் வெளிவந்த துண்டு

நீலச் சாயத்துக்காகத் தோட்டத்து அவுரிச் செடியைப் பூ வைக்கும் முன்பே அறுத்து, ஊறவைத்து, கடைந்து, சாயப் பானையில் கலக்கி வைத்திருந்தார்கள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். அதற்குள்தான் ஒரு வெள்ளைத் துண்டை முக்கினார்கள். நீலமாகி ஒரு மாப்பிள்ளையின் தோளில் ஏற வேண்டிய துண்டு அது.

வெளியே எடுத்துக் கொடியில் போட்டால் பாசிப் பச்சை!

துண்டுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அடப் பாவிப் பானையே! நீலமாகலாம்னு வந்தவனைக் குளத்துப் பாசியா ஆக்கிட்டியே! இனிமே அடுப்பிலேருந்து சட்டி இறக்கத்தான் என்னைத் தொடுவாங்க. நீ விளங்குவியா?"

பானைக்கு அது புதிதில்லை. தினம் கேட்கிற வசவுதான். கொடிக்கயிறுதான், "கத்தாதேப்பா, கொஞ்சம் காத்து வாங்கு" என்றது.

"காத்து வாங்கினா போன மானம் திரும்பி வருமா?" என்று சொட்டச் சொட்ட அழுதது துண்டு.

காற்று வந்தது. முதலில் ஓரம் நீலமானது. பிறகு மடிப்பு மடிப்பாகப் பச்சை விலகி, துண்டு முழுக்கச் சங்குப்பூ நிறம் ஏறியது.

"அப்பாடா!" என்று துண்டு விட்ட மூச்சில் ஈரம் பாதி காய்ந்துவிட்டது.

அதற்குள் இன்னொரு துண்டு பச்சையாகப் பக்கத்தில் வந்து விழுந்தது. "ஐயோ, நான் கெட்டேன்! இந்தப் பாழாப்போன பானை..."

"ஷ்ஷ், வாயை அலம்பு!" என்று முதல் துண்டு அதட்டியது. "பானையண்ணன் கைராசி தெரியாம பேசாதே. நானும்தான் பச்சையா வந்தேன். ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

காற்று நின்று வெகுநேரமாகிவிட்டது. ஆனாலும் கொடிக்கயிறு மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடிக்கொண்டிருந்தது.