நல்ல பெயர் வாங்கிய ஃபில்டர்

“வீணா, தண்ணில கலக்கற குளோரின்தான் காரணம். போன வருஷம் இவர் ஷவருக்கு ஃபில்டர் மாட்டினாரு, முடி கொட்டறது நின்னே போச்சு!”

என் மனைவி இளவேனில் பக்கத்து வீட்டு வீணாவிடம் சொல்லச் சொல்ல, எனக்குத் தலை நிமிரவில்லை.

“ஹௌதா, அப்படியா! அண்ணா, எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க,” என்றாள் வீணா. ஈஜிபுராவில் எங்கள் பில்டிங்கிலேயே ஃபில்டர் கேட்பதில் இவள் நாலாவது ஆள்.

அவள் போனதும் மனசு கேட்கவில்லை. பரணிலிருந்து ஃபில்டர் வந்த டப்பாவை இறக்கித் திறந்து காட்டினேன். உள்ளே கார்ட்ரிட்ஜ் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

“மன்னிச்சிடும்மா. குளோரினை எடுக்கறது இதுதான். நான் வெறும் கூட்டைத்தான் மாட்டியிருக்கேன். போன மாசம்தான் கவனிச்சேன், சொல்ல வாய் வரலை.”

“பரண் சுத்தம் பண்ணப்பவே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா ஊரெல்லாம் ஃபில்டர்னு சொல்லிட்டிருக்கே?”

இளவேனில் டப்பாவை வாங்கி மூடினாள்.

“பின்ன? நீங்க குடிச்சிட்டு வந்து அடிக்கறதை விட்டதும் முடி கொட்டறது நின்னுடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா?”